தைக்காத தையக்காரி

போன வாரம் என் மகள் ஃபோனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு டொக்டர், சில பேர் உட்கார்ந்தால் ஏன் காலை ஆட்டிக்கொண்டே இருக்கிறார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தார். மனப்பதற்றமாம். சலிப்பாம். சிலருக்கு இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைவாம். சிலருக்கு வெறும் பழக்க தோஷமாம். ஒவ்வொரு விரலாக மடக்கி அவர் சொல்லிக்கொண்டே போக, எனக்கு எரிச்சலாக வந்தது. எல்லாம் சரிதான் ஐயா, எங்கள் தையக்காரி அக்காவை இதில் எந்த விரலில் மடக்குவீர்கள்?

வாய்விட்டே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. "யாரும்மா அது தையக்காரி?" என்றாள் மகள்.

"நீ தோட்டத்துப் புள்ளக்காம்பராவுல வளந்த பாரு, அது யாரால தெரியுமா? அவங்களாலதான்."

அவள் அதற்குள் அடுத்த வீடியோவுக்குப் போய்விட்டாள். இந்தப் பிள்ளைகளிடம் ஒரு கதை சொல்ல ஒரு நிமிடத்துக்கு மேல் கிடைக்காது. பிள்ளையைத் திட்டி என்ன பயன்? அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஹாலிஎலையில் இறங்கி, ஓட்டோ ஏறுகிற வரைக்கும் ஓட்டோவில் போய், அதற்கு மேல் நடந்தால் வருகிற தேயிலைத் தோட்டம் எங்களுடையது. லயம் என்கிற வரிசை வீடுகளில் என் காம்பராவுக்கு அடுத்த காம்பரா அக்காவுடையது. நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் இந்தப் பக்கம் நாங்கள் தும்முவோம். அக்கா கொழுந்தெடுக்கிறவர். ஒரு பொத்தான்கூடத் தைத்ததில்லை. வீட்டில் தையல் மெஷினும் கிடையாது. உட்கார்ந்தால் இரண்டு காலும் மெஷின் மிதிப்பது போல மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். அதைப் பார்த்து யாரோ ஒரு புண்ணியவான் தையக்காரி என்று பெயர் வைத்துவிட்டான். எங்கள் தோட்டத்தில் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டால் ஒட்டிக்கொண்டதுதான். ஞானஸ்நானப் பெயர் கல்லறையில் எழுதும்போதுதான் ஊருக்குத் தெரியவரும்.

ஸ்பிரிங்வெளிப் பக்கமிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த புதுப்பெண் ஒருத்தி இந்தப் பெயரை நம்பி, ஒருநாள் ரவிக்கைத் துணியும் அளவு ரவிக்கையுமாக வந்து நின்றாள்.

"அக்கா, கை மட்டும் கொஞ்சம் நீட்டமா வச்சுத் தச்சுக் குடுங்க."

நான் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிவிட்டேன். அக்கா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. துணியை வாங்கி விரித்துப் பார்த்து, "எப்ப வேணும் தாயி?" என்று கேட்டார். அந்தச் சனிக்கிழமை ஹாலிஎலைக்குப் போய் உண்மையான தையல்காரரிடம் கொடுத்து, அடுத்த சனிக்கிழமை வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். விஷயம் தெரிந்ததும் அந்தப் பெண் முகமெல்லாம் சிவந்து ஓடி வந்தாள்.

"ஏன்க்கா அன்னைக்கே சொல்லல?"

"அளவு சரியா இருக்குல்ல? அப்புறம் என்ன? வந்த புதுசுல ஊரே சிரிச்சா ஒனக்கு இங்க எப்பிடிப் புடிக்கும்?" என்றார் அக்கா. கால் அதுபாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

கோவிலில் அவர் உட்கார்ந்த பெஞ்சில் பெரியவர்கள் உட்கார மாட்டார்கள். அந்தப் பெஞ்சு முழுக்கக் கிடுகிடுக்கும். சின்னப் பிள்ளைகள் மட்டும் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் இடம்பிடிக்கும். பஸ்ஸில் போகிற மாதிரி இருக்கிறதாம். பிரசங்கம் முடிகிற வரைக்கும் ஒன்றுகூட அழாது.

அவர் காலைப் பற்றி ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். வயிற்றில் பூச்சி என்றார்கள். நரம்புக் கோளாறு என்றார்கள். அவருடைய மாமியாருக்குச் சந்தேகமே இல்லை, அது திமிர். "பொம்பளப் புள்ள காலாட்டுனா வீட்டுல ஒன்னும் தங்காதுடி," என்று கிழவி சாகும் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தது. அக்காவைக் கேட்டால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பதில். மழை நாளில், "குளிருக்குத்தான்." வெயில் நாளில், "காத்து வரட்டுமேன்னு." தவக்காலத்தில் ஒருநாள், "பாவம் ஒட்டியிருந்தா உதிரட்டும்," என்றார்.

ஆனால் ஒன்றை நான் கவனித்து வைத்திருந்தேன். உட்கார்ந்த இடத்தில் கால் நின்றால் அவருக்கு வாயும் நின்றுவிடும்.

ஒக்டோபர் மாதத்தில் வீடு வீடாக ஜெபமாலை சொல்வோம். ஒருநாள் எங்கள் வீட்டில். முழங்கால் வலியென்று அக்கா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு ஒரு பத்து மணிக்கான ஜெபத்தைச் சொன்னார். குரலென்றால் அப்படியொரு குரல், கடைசி லயம் வரைக்கும் கேட்கும். நடுவில் உபதேசியார் குனிந்து, "அம்மா, மாதாவுக்கு முன்னால காலாட்டாதீங்க," என்றார். அக்கா திடுக்கிட்டுக் காலை நிறுத்தினார். நிறுத்திய இடத்திலேயே ஜெபமும் நின்றது. "அருள் நிறைந்த…" என்கிறார், அதற்கு மேல் போகவில்லை. பேச்சு வந்த நாளிலிருந்து சொல்லிவருகிற ஜெபம்! எல்லாரும் அவர் வாயையே பார்க்கிறோம். அவர் பரிதாபமாக என்னைப் பார்த்தார். பிறகு மெல்ல, சேலைக்குள்ளே, கால் ஆட ஆரம்பித்தது. "மரியே வாழ்க" என்று கணீரென்று வந்தது. உபதேசியார் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அக்கா மயக்கம் மயக்கம் என்கிறாரே என்று ஒருமுறை நான்தான் பதுளைக்கு ஒரு டொக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டரம்மா யாழ்ப்பாணத்துக்காரர். எதையோ எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "இருங்கோ," என்றார். எங்கள் பக்கத்தில் 'இருங்க' என்றால் பொறுங்கள் என்று அர்த்தம். அக்கா பையை அணைத்துக்கொண்டு நின்றார்.

"இருங்கோவன் அம்மா."

"இருக்கேங்க டொக்டரம்மா. நீங்க மெதுவா எழுதுங்க, அவசரமில்ல."

டொக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். "கதிரையில இருங்கோ எண்டு சொல்லுறன்."

அக்கா நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததுதான் தாமதம், கால் ஆட ஆரம்பித்தது. டொக்டரம்மாவுக்கு மயக்கம் மறந்துபோய்விட்டது.

"எப்ப தொடக்கம் இப்பிடிக் கால் ஆடுது?"

"உக்காரத் தொடங்குன நாள்ல இருந்துங்க."

"அதுதான், எப்ப இருந்து?"

அக்கா நிஜமாகவே யோசித்தார். "அம்பது வயசு இருக்குங்க. மகளக் கட்டிக் குடுத்த பொறகு. அதுக்கு முன்னால உக்கார எங்கங்க நேரம்?"

டொக்டரம்மா சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை, அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார். விடிந்ததும் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் நிற்கிறோம். பகல் முழுக்க மலையில் நிற்கிறோம். கொழுந்து நிறுக்கிற இடத்தில் நிற்கிறோம். வந்து அடுப்படியில் நிற்கிறோம். நான் இப்போது பதுளையில் துணிக்கடையில் நிற்கிறேன். எங்கள் கடையில் விற்கிற பெண்கள் உட்காரக் கூடாது. சாயந்திரம் பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்தால் என் கால் இரண்டும் என்னைக் கேட்காமலே ஆடுகின்றன. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள் முறைக்கிறார்கள். முறைத்துவிட்டுப் போகட்டும்.

டொக்டரம்மா கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை அக்கா விடாமல் விழுங்கினார். மயக்கம் போனது. உடம்பில் தெம்பு வந்தது. கால் முன்னைவிடப் பலமாக ஆடியது.

வேலை வெட்டி இல்லாமல் இன்னொருவர் உழைப்பில் சாப்பிடுகிறவர்களை, 'உட்கார்ந்து காலாட்டிக்கொண்டு தின்கிறான்' என்று சொல்வோம் இல்லையா? அக்கா விஷயத்தில் இந்த வார்த்தைதான் அநியாயம். எங்கள் மலையில் அவர் கூடைக்கு ஈடாக யாருக்கும் நிரம்பாது. அதோடு எங்களுக்காகப் பேசுகிற வாயும் அவருடையதுதான். நின்றுகொண்டிருந்தால் அவருடைய கால் இரண்டும் ஒழுங்காக இருக்கும், வாய் துப்பாக்கி மாதிரி வெடிக்கும். ஒரு மழை நாளில், கொழுந்து நனைந்திருக்கிறது என்று கணக்கப்பிள்ளை எல்லாருடைய கூடையிலும் எடையைக் கழித்துக்கொண்டே வந்தார். அக்கா இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டத் தராசுக்கு முன்னால் போய் நின்றார்.

"ஐயா, மழை எங்க மேலயுந்தான் பேஞ்சிச்சு. எங்களையும் தராசுல ஏத்திக் கழிச்சிருங்க."

பின்னால் நின்றவர்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். கணக்கப்பிள்ளையும் சிரித்து, பாதிதான் கழித்தார்.

இப்போது புள்ளக்காம்பரா கதைக்கு வருகிறேன். கைப்பிள்ளைக்காரிகள் மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. ஒரு ஆயம்மா பார்த்துக்கொள்வார். எங்கள் மேல் டிவிசனில் இருந்தது பழைய கட்டிடம், தகரம் போட்டது. கீழ் டிவிசனில் புதிதாக ஒன்று கட்டினார்கள். எங்கள் டிவிசனில் பிள்ளைகள் குறைவு, அதனால் இதை மூடிவிட்டு எல்லாப் பிள்ளைகளையும் கீழே கொண்டுபோய் விடவேண்டும் என்று ஒரு பேச்சு வந்தது.

கேட்க நன்றாகத்தான் இருக்கும். என் மகளுக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை. புருஷன் கொழும்பில் கடையில். விடியற்காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கீழ் டிவிசனுக்கு இறங்கி, விட்டுவிட்டு, திரும்ப மலையேறி வந்தால் பெரட்டு முடிந்திருக்கும். பிந்தி வருகிறவர்களுக்கு வேலை இல்லை, வீட்டுக்குப் போ என்பார்கள். பத்து மணிக்குப் பால் கொடுக்க ஓடி வருவது? அதை நினைத்தே பார்க்க முடியாது. ஒன்று நான் வேலையை விடவேண்டும், இல்லையென்றால் பிள்ளைக்குப் பாலை நிறுத்தவேண்டும். எனக்கு மட்டுமில்லை, எங்கள் லயத்துக் கைப்பிள்ளைக்காரிகள் எல்லாருக்கும் அதே கதிதான்.

அக்காவின் வீட்டில் கைப்பிள்ளை கிடையாது. மகள் வத்தளையில் கட்டிக் கொடுத்த இடத்தில் இருந்தாள். ஆனாலும், "நான் வாறேன், துரைகிட்டப் பேசலாம்," என்று முதலில் கிளம்பியவர் அவர்தான்.

துரை என்றால் தோட்டத்து மானேஜர். புதியவர், வயது குறைவு. சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். இதற்கு முன் இருந்த துரைமார் காலத்தில் எங்களுக்குக் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், நாற்காலி என்பதே கிடையாது. படிக்குக் கீழே நின்று, ஜன்னல் வழியாகப் பேசிவிட்டு வரவேண்டும். அக்கா அப்படி நின்று பேசித்தான் எத்தனையோ காரியம் சாதித்திருக்கிறார். இந்தத் துரை எங்களைக் கண்டதும் எழுந்தேவிட்டார்.

"வாங்க அம்மா, உள்ள வாங்க. உக்காருங்க. என்கிட்ட யாரும் நின்னு பேச வேணாம்."

நல்ல மனுஷன், மரியாதையாகத்தான் சொன்னார். உள்ளே இடமில்லை என்று அக்காவையும், பிள்ளையோடு இருந்த என்னையும் மட்டும் கூப்பிட்டார். மற்றவர்கள் ஜன்னலுக்கு வெளியே. குஷன் வைத்த நாற்காலி. அக்கா உட்கார்ந்தார்.

என்ன நடக்கும் என்று சொல்லவேண்டுமா? கால் ஆட ஆரம்பித்தது. முழங்கால் மேசையில் இடித்தது. மேசைமேல் போட்டிருந்த கண்ணாடி கடகடவென்று சத்தம் போட்டது. தேநீர்க் கோப்பை அதன் தட்டில் கிணுகிணுத்தது. பெரிய கிளாக்கர் எட்டிப் பார்த்து, "துரைக்கு முன்னால என்ன காலாட்டு?" என்று பல்லைக் கடித்தார்.

அக்கா இரண்டு கையாலும் இரண்டு முழங்காலையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போகிற அளவுக்கு அமுக்கினார். சத்தம் நின்றது.  ஐயோ, போச்சு என்று நினைத்தேன்.

துரை விளக்கினார். புதுக் கட்டிடமாம், விளையாட்டுச் சாமானாம், நேர்சம்மா வந்து பார்ப்பாராம். அக்கா வாயைத் திறக்கவில்லை. நான், "ஐயா, அது வந்து…" என்று தொடங்கினேன். அந்த நேரம் பார்த்து என் மகள் வீரிட்டு அழ, பிள்ளையை வெளியே கொண்டுபோகச் சொல்லி கிளாக்கர் கையைக் காட்டினார். நான் வாசலைத் தாண்டும்போது துரை கேட்டது காதில் விழுந்தது.

"அப்ப சரியா அம்மா?"

"சரிங்க ஐயா," என்றார் அக்கா.

அவ்வளவுதான். வருகிற திங்கட்கிழமையிலிருந்து பிள்ளைகள் கீழே என்று முடிவாகிவிட்டது. துரைக்கு ஒரே சந்தோஷம், வாசல் வரை வந்து அக்காவை வழியனுப்பினார்.

சரிங்க என்ற வார்த்தை எங்கள் வாயில் சும்மா வருவது. துரை பேசினாலும் சரிங்க, கங்காணி பேசினாலும் சரிங்க. நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தமில்லை. இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்துமென்ன, ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களுக்கு அன்றைக்கு அது வேறு மாதிரிக் கேட்டது.

சாயந்திரம் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது ஆரம்பித்தது. கடைசிக் காம்பரா மதினிக்கு வாய் நீளம். அவருக்கும் பேரன் ஒருவன் புள்ளக்காம்பராவில் இருந்தான். மருமகள் வேலைக்குப் போகாவிட்டால் அந்த வீட்டில் அடுப்பெரியாது. ஆத்திரம் வரத்தான் செய்யும்.

"குசன் நாக்காலியக் கண்டதும் வாயடைச்சுப் போச்சு பாத்தியா? நம்ம புள்ளைங்கள ஒரு நாக்காலிக்கு வித்துட்டு வந்துட்டா. துரைக்குச் சமமா உக்காந்து காலாட்டிட்டு வந்திருக்கா!"

"மதினி, வாய்க்கு வந்தபடி பேசாதீங்க," என்று நான் சண்டைக்குப் போனேன். "கால அமுக்கிப் புடிச்சதாலதான் அவங்களுக்குப் பேச்சு வரல. நான் பக்கத்துல இருந்து பாத்தேன்."

"காலுக்கும் வாய்க்கும் என்னடி சம்பந்தம்?" என்றார் மதினி. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்கள் கேட்டது நியாயம்தான். யாரிடம் போய் விளக்குவது?

அக்கா வீடு வீடாகப் போனார். லயத்தில் ஒருவர் வாசலுக்கு வந்தால், வாங்க, உக்காருங்க என்று சொல்லிப் பலகையை இழுத்துப் போடாமல் பேச்சு ஆரம்பமாகாது. பரம எதிரிக்குக்கூட அந்த மரியாதை உண்டு. அக்கா போன வீடுகளில் உள்ளே இருந்தபடியே, "என்ன?" என்றார்கள். அடுப்பு வேலை இருக்கிறது என்றார்கள். ஒவ்வொரு வாசலிலும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அடுத்த வாசலுக்குப் போனார். அவர் சொல்ல வந்தது அப்படி நின்றுகொண்டு சொல்கிற விஷயம் இல்லை. நான் என் இஸ்தோப்புத் திண்ணையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

கடைசியில் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். கால் ஆட ஆரம்பித்தது.

"நின்னுக்கிட்டே பேசியிருக்கலாம்லக்கா?" என்றேன்.

"உக்காருன்னு சொல்ற மனுசன்கிட்ட எப்பிடிடி நிக்கிறது? வாழ்க்கையில ஒரு துரை வாயில இருந்து மொத மொதல்ல அந்த வார்த்த வருது. மாட்டேன்னா அவரு மொகத்துல அடிச்ச மாதிரி ஆகிராதா?" முழங்காலைத் தடவிக்கொண்டே, "பேசணும்னு நெஞ்சுல நின்னுக்கிட்டுத்தான் இருந்துச்சு. காலப் புடிச்ச கையி தொண்டையையும் புடிச்சிருச்சு," என்றார்.

அடுத்த நாளும் யாரும் அவரிடம் பேசவில்லை. மலையில் அவருக்கு இரண்டு பக்கமும் ஆளில்லாமல் தனியே கொழுந்தெடுத்தார். அதற்கு மறுநாள் மத்தியானம், கொழுந்தை எடை போட்டதும், என்னிடம் வந்து, "புள்ளையத் தூக்கிட்டு வா, போவோம்," என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. நாங்கள் கந்தோருக்குப் போகிறோம் என்று தெரிந்து மற்றவர்களும் தள்ளித் தள்ளிப் பின்னால் வந்தார்கள். மதினியும் வந்தார், வேடிக்கை பார்க்க.

துரை அதே போல எழுந்து, "உக்காருங்க அம்மா," என்றார்.

அக்கா உட்கார்ந்தார். கால் ஆடியது. கண்ணாடி கடகடத்தது. கிளாக்கர் எட்டிப் பார்த்தார். அக்கா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஐயா, மொதல்ல ஒன்னு சொல்லிர்றேன். எனக்குக் கால் ஆடும். ஆடலன்னா பேச்சு வராது. அன்னைக்கு ஐயாவுக்கு மரியாதையா இருக்கட்டும்னு கால நிப்பாட்டுனேன், வாயும் நின்னுபோச்சு. அப்ப சொன்ன சரி, கேட்டுக்கிட்டேன்ங்கிற சரி. ஒத்துக்கிட்டேன்ங்கிற சரி இல்ல. இன்னைக்கு ஆட்டிக்கிட்டேதான் பேசப் போறேன். திமிருன்னு நெனச்சா நெனச்சுக்கோங்க."

பிறகு பேசினார் பாருங்கள்! பெரட்டு நேரத்தைச் சொன்னார், மலைப்பாதையைச் சொன்னார், மழைக்காலத்தில் அட்டைக்கடியோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்குவதைச் சொன்னார். என்னைக் காட்டி, "இந்தப் புள்ளைக்குப் பத்து மணிக்கு மாருல பால் கட்டிக்கிரும்ங்க. அந்த வலியோட அது கொழுந்தெடுக்கணும், அங்க கொழந்த பாலுக்குக் கத்திக்கிட்டுக் கெடக்கணும். புதுக் கட்டிடம் நல்ல கட்டிடந்தாங்க. ஆனா கட்டிடம் பால் குடுக்காதுங்க ஐயா," என்றார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் தலையை ஆட்டினேன். 

துரை பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். அக்கா பேச்சை நிறுத்தினார். எதையோ காதுகொடுத்துக் கேட்பது போல இருந்தார். பிறகு இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்தி வைத்து, காலை அடியோடு நிறுத்தினார்.

கண்ணாடி இன்னும் கடகடத்துக்கொண்டிருந்தது.

எல்லாரும் மேசையைப் பார்த்தோம். கிளாக்கரும் பார்த்தார். மேசைக்கு அந்தப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது துரையின் கால்.

அக்கா தன் காலை மறுபடி ஆடவிட்டு மெதுவாகக் கேட்டார், ஒரு தாய் கேட்பது போல. "ஐயாவும் மேல யாருக்கோ பதில் சொல்லணும் போல?"

துரைக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. அவர் கால் நின்றது. என்ன ஆகுமோ என்று நான் பிள்ளையை இறுக்கிப் பிடித்தேன். அவர் எங்களைப் பார்த்தார், கிளாக்கரைப் பார்த்தார், பிறகு நாற்காலியில் சாய்ந்து சிரித்தேவிட்டார்.

"ஆமா அம்மா. கொழும்புல கேப்பாங்க. மூடியாச்சுன்னு சொல்லிட்டேன். இப்ப என்ன சொல்றது?"

"தாய்மாருங்க ஒத்துக்கலன்னு சொல்லுங்க. பயமா இருந்தா ஆட்டிக்கிட்டே சொல்லுங்க ஐயா, வார்த்த தானா வரும்."

அவர் அன்றைக்கே கொழும்புக்குப் பேசினார். திங்கட்கிழமை ஆயம்மா எங்கள் டிவிசனிலேயே வேலைக்கு வரட்டும் என்று கிளாக்கரிடம் சொன்னதை நாங்கள் கேட்டுவிட்டுத்தான் கிளம்பினோம். தகரக் கட்டிடத்துக்குப் பிறகு சிமெந்துத் தரையும் போட்டுக் கொடுத்தார். என் மகள் அதில்தான் தவழ்ந்தாள், நடந்தாள். அக்கா சில வருஷம் கழித்து வத்தளைக்கு மகளிடமே போய்விட்டார். பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. பார்க்காமல் விட்டது மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்றைக்குக் கந்தோரிலிருந்து திரும்பி வந்த வழியைப் பற்றி. எல்லாரும் கூடவே நடந்தோம். யாருக்கும் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை. கடைசிக் காம்பரா வாசல் வந்ததும் மதினிதான் பொறுக்க முடியாமல் ஆரம்பித்தார். குரலில் பழைய வேகம் இல்லை.

"ஏன்டி, துரைகிட்ட இந்தப் பேச்சுப் பேசுறியே. எங்ககிட்ட வந்து இத ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? நாங்க என்ன மனுசங்க இல்லையா?"

அக்கா நின்றார். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டும் சொல்லவில்லை.

"வந்தேன் மதினி. எல்லா வாசலுக்குந்தான் வந்தேன். துரைகூட என்னைய உக்காருன்னாரு. நீங்க யாரும் சொல்லலையே."

 மதினி விறுவிறுவென்று உள்ளே போனார். போனவர் அந்த வீட்டிலிருந்த ஒரே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதை வாசலில் வைத்து, முந்தானையால் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.